லாரியில் வந்த சவுக்கு

நாகப்பட்டினம்
12.1.2006

அன்புள்ள நைனாவுக்கு,

நான் சுகம். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் இன்னும் பாதி இருக்கிறது. குப்பத்தில் நோரா அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. காலையில் எழுந்ததும் கரையில் நடக்கிறேன். பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் இது. அலையைத் தடுக்கக் கரையில் அங்கங்கே சவுக்கு நட்டிருக்கிறார்கள், இந்தக் குப்பத்துக்கு முன்னால்தான் இன்னும் நடவில்லை. என் வேலையே அந்தச் சவுக்கைப் பற்றித்தான். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. "வாய பெங்களூர்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்கிறார் நோரா அக்கா.

மப்ளர் இல்லாமல் டூட்டிக்குப் போகாதீர்கள்.

உங்கள் மமதா

---

சந்தாபுரா
28.1.2006

அன்பு மகள் மமதாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பொம்மசந்திராவில் கம்பெனி கேட்டில் எல்லோரிடமும், "எம் பொண்ணு சமுத்திரத்துக்கு வேலி போடுறா" என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் சேஷகிரி, "கேட்டுக்குக் காவல் நீ, கடலுக்குக் காவல் உன் மகளா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்து மண்ணைக் கொட்டிய சயனைட் மேடு உனக்கு ஞாபகம் இருக்கும். காற்றடித்தால் தட்டில் எது சோறு, எது தூசி என்று தெரியாது. உனக்கு மூச்சு இழுத்தது அதனால்தான். நாங்கள் மேட்டில் மரம் நட்ட பிறகுதான் நீ நிம்மதியாகத் தூங்கினாய்.

ஆகவே கேட்டில் எல்லோரும் சேர்ந்து ஒசூர் நர்சரியில் சவுக்குக் கன்று சொல்லியிருக்கிறோம். கம்பெனி லாரி காரைக்கால் போகிறது, உன்னிடம் இறக்கிவிடும். அலைக்கு நேரே முன்வரிசையில் நடு. போட்டோ அனுப்பு, கேட்டில் ஒட்ட வேண்டும்.

உன் நைனா
பச்சைமுத்து

---

நாகப்பட்டினம்
8.2.2006

அன்புள்ள நைனாவுக்கு,

கன்றுகளை அனுப்பாதீர்கள். கேட் போனுக்கு அடித்தேன். சேஷகிரி சார் எடுத்தார். பேச்சு வரவில்லை, வைத்துவிட்டேன்.

வடக்கே ஒரு பழைய சவுக்குத் தோப்பு அலைவரை நிற்கிறது. அங்கே ஆமையின் தடம் மேலே ஏறி, வேரில் முட்டி, முட்டையிடாமல் கடலுக்கே திரும்பியிருக்கிறது. திறந்த மணலில்தான் குழி தோண்டுகின்றன. சவுக்கு இந்தக் கரையின் மரம் இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் ஊசியிலை உதிர்ந்து பாய் விரித்ததுபோல் மூடிவிடுகிறது, மணலில் படரும் அடம்பங்கொடிகூட முளைப்பதில்லை. நிழலில் மணல் ஆறிப்போகிறது, முட்டைக்கோ சூடு வேண்டும்.

நான் வேலி போட வரவில்லை நைனா. முன்வரிசையில் மரம் வேண்டாம் என்று வனத்துறைக்கு எழுதித் தரத்தான் வந்திருக்கிறேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மமதா

---

சந்தாபுரா
15.2.2006

மமதாவுக்கு,

நேற்று லாரி புறப்பட்டுவிட்டது. இன்றுதான் உன் கடிதம் வந்தது.

ஆமைக்கு இடம் வேண்டும் என்கிறாய். அந்தக் குப்பத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொல்வாயா? பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்லவே என்னைக் கிள்ளுகிற பெண் நீ.

மரம் நட்டால் தப்பு என்று இந்த வயதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. படித்த மகள் சொல்கிறாள். கேட்டில் எல்லோரும் போட்டோ எங்கே என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்றும் நீயே எழுதிவிடு.

பச்சைமுத்து

---

நாகப்பட்டினம்
2.3.2006

அன்புள்ள நைனாவுக்கு,

லாரி வந்தது. குப்பத்துப் பெண்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். கன்றுகளை இறக்கி அலைப்பக்கம் தூக்கிப்போக ஆரம்பித்தார்கள். நோரா அக்காவிடம் மட்டும் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "எங் காதுல ஓதாத. எல்லாருக்கும் கேக்கச் சொல்லு" என்று என்னை லாரியில் ஏற்றிவிட்டார்.

"இது எங்க நைனா அனுப்பினது" என்று ஆரம்பித்தேன். "முன்வரிசைல நடாதீங்க. மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம், வீட்டை ஒட்டி நடலாம். காத்தையும் தடுக்கும், ஆமைக்கும் வழி இருக்கும்" என்றேன்.

தாயம்மா என்பவர், "ஆமைக்குப் பரிஞ்சு வர்றியே, எம் புள்ளைக்கு யாருடி பரிஞ்சு வந்தா?" என்று கேட்டார்.

"யாரும் வரலம்மா" என்றேன். பிறகு நோரா அக்கா ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுப்பக்கம் நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். தாயம்மா மட்டும் தன் கன்றை முன்வரிசையிலேயே நட்டார். நான் தடுக்கவில்லை.

போட்டோ கழுவி வர இத்தனை நாள் ஆகிவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். மகள் இடம் மாற்றி நட்டாள் என்று கேட்டில் சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் போட்டோவை ஒட்ட வேண்டாம்.

உங்கள் மமதா

---

சந்தாபுரா
14.3.2006

அன்பு மகள் மமதாவுக்கு,

போட்டோவை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அம்மா திட்டினாள். நேற்று கேட்டில் ஒட்டினேன்.

சேஷகிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னப்பா, வீடு இருக்கு, கன்னு இருக்கு, சமுத்திரத்தையே காணோம்?" என்றார்.

"போட்டோ எடுத்தவ முதுகுப் பக்கம் இருக்கு சார்" என்றேன்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே நடலியா?"

"ஒரே ஒரு கன்னு சார். அது புள்ளையப் பறிகொடுத்த ஒரு அம்மா நட்டது. மிச்சமெல்லாம் வெறும் மணலு. எம் பொண்ணு அப்படியே உட்டு வச்சிருக்கா" என்றேன்.

உன் நைனா
பச்சைமுத்து