தடிக்காத கை

அண்ணா,

அம்மாவுக்குக் காசநோயை ஒட்டவைத்தது நீதான். இருமுகிறவனை முதலாளி வெளியே தள்ளிவிடுவான் என்று தையல் கூடத்தில் மாதக்கணக்கில் இருமலை மறைத்தாய். வீட்டிலோ அவள் பாயை ஒட்டியே படுத்தாய்.

அம்மாவைப் போல சிறுநீரகம் கெட்டவர்களை இந்த நோய் சீக்கிரம் பிடிக்கும். காசநோய் இருந்தால் தடிக்கும் என்று அவள் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், தடிக்கவில்லை. நோய் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். "தடிக்கக்கூட அவங்க உடம்புல தெம்பு இல்லம்மா" என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தபடி, "உங்கண்ணன் இருமல் நின்னுச்சாடி, இல்ல இன்னும் கச்சேரிதானா?" என்று சிரித்தாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நீ இன்னும் இருமுகிறாய் என்று அண்ணி சொன்னாள். பாப்பா உன் மார்பில்தான் தூங்குகிறாளாம்.

போன கடிதத்திலும் இதையேதான் கேட்டேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு நாளைக்கே சளிப் பரிசோதனைக்கு வா.

உன் தங்கை