பாபுவின் கட்டம் காலியாக இருக்கிறது

மாமா,

நேற்று கடலூர் மைதானத்தில் இருந்தவர்கள்: நம் பேஸ்பால் அணியில் ஒன்பது பேர், மாற்று ஆள் கிடையாது. சிதம்பரம் அணியில் பதினான்கு பேர். அம்பயர் ஒருவர். வேலியோரம் வேர்க்கடலை விற்கிற அம்மா. ஸ்கோர் நோட்டோடு நான். பெஞ்சில் என் பக்கத்தில் உங்கள் கிளவுஸ்.

காலையில் அதை பீரோவிலிருந்து எடுத்தபோது, தோல் வெடிக்காமலிருக்க நீங்கள் தடவிவந்த தேங்காய் எண்ணெயின் வாசனை அப்படியே இருந்தது. விளக்கேற்றிவிட்டு அதையும் பையில் வைத்துக்கொண்டேன். கடைசி ஆட்டமாக இருந்தால் அதுவும் பார்க்கட்டும் என்றுதான். நீங்கள் போன இந்த எட்டு மாதத்தில் நாம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போன வாரம் பந்து வீசுகிற அந்தோணி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, பசங்க மனசு உட்டுட்டாங்க. இதுவும் போச்சுன்னா டீமைக் கலைச்சிடலாம்னு இருக்கோம். மட்டை, பந்தெல்லாம் ஏதாச்சும் ஸ்கூலுக்குக் குடுத்துடலாம்."

நீங்கள் ஒவ்வொருவராய்த் தேடிப் பிடித்துச் சேர்த்த அணி. நான் காபி ஆற்றிக் கொடுத்தேன்.

நேற்று நோட்டைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில், நடராஜரைப் பார்க்கலாம் என்று சிதம்பரம் அழைத்துப் போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே மைதானத்துக்குக் கூட்டிப் போனீர்களே, அன்றைக்குப் போட்ட சுழி ஞாபகம் வந்து. ஸ்கோர் எழுதுகிறவர் வரவில்லை. "மளிகை லிஸ்ட்டே முத்து முத்தா எழுதற, வசந்தா. இதையும் எழுதிடு" என்றீர்கள். முதல் கட்டத்துக்கு மேலே 'உ' போட்டு ஆரம்பித்தேன். அம்பயர் அதை 2 என்று படித்து, நாம் மட்டையைத் தொடுவதற்கு முன்பே நமக்கு இரண்டு ரன் சேர்த்துவிட்டார். கூட்டிப் பார்த்து, ஒரு ரன்னில் நாம் ஜெயித்ததாகச் சொன்னார்கள். எல்லாரும் குதிக்கும்போது நீங்கள் மட்டும் நோட்டை வாங்கிப் பார்த்தீர்கள். "சார், இது பிள்ளையார் எடுத்த ரன்னு. கழிச்சிடுங்க" என்று நீங்களே போய்ச் சொல்லித் தோல்வியை வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

நடை சாத்துவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோயிலுக்குள் ஓடினோம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னீர்கள்: "கண்ணால பாத்தத மட்டும் எழுது. ஆசைப்பட்டத எழுதாத." அதற்குப் பிறகுதான் உங்கள் பழைய ஆங்கில விதிப் புத்தகத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்படியிலேயே வரி வரியாகப் படித்தேன்.

நேற்று சிதம்பரத்துக்காரன் ஒருவன் வம்பிழுத்தான். "என்ன மச்சான், ஒம்போது பேர்தானா? ஆள் வேணும்னா நாங்க ரெண்டு பேர் தர்றோம்."

ஷேர் ஆட்டோ பாபுதான் விடுவானா? "எங்க பத்தாவது ஆளு அக்கா நோட்டுல குந்திகினு இருக்காரு. நீ போவியா!"

அந்தோணிக்கு விரலில் கொப்புளம் உடைந்துவிட்டது. பந்தையும் விரலையும் மாறி மாறிப் பேண்டில் துடைத்துக்கொண்டு கடைசிவரை அவனே வீசினான். இளங்கோ சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தான். தரையோடு பாய்ந்து இரண்டு பந்து பிடித்தான். இரண்டாவது தடவை பந்தை உயர்த்திக் காட்டிவிட்டு அப்படியே கிடந்தான்.

"ஏந்திரிடா!"

"இரு மச்சான், இங்க நல்லா தூக்கம் வருது."

கடைசி இன்னிங்ஸ், இரண்டு அணிக்கும் மூன்று மூன்று ரன். நம் பேட்டிங். இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் அந்தோணி நிற்கிறான், அங்கிருந்து ஹோமுக்கு ஓடிவந்துவிட்டால் ஜெயிக்கிற ரன். மட்டையோடு பாபு. இந்த வருஷம் முழுக்க ஒரு ஹிட்கூட அடிக்காத பாபு. என்னால் முடியவில்லை மாமா. ஒரு கை உங்கள் கிளவுஸில், கண்ணை மூடிக்கொண்டு "நடராஜா" என்றேன். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் மூன்றாவது பேஸைக் காக்கிற சிதம்பரத்துக்காரன் திரும்பிப் பந்தைத் துரத்துகிறான், அந்தோணி ஓடிவந்து ஹோமில் விழுகிறான், பாபு முதல் பேஸில் நின்று அழுகிறான். வேர்க்கடலை அம்மாகூடக் கை தட்டினாள்.

ஜெயித்துவிட்டோம். கலைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிராக்டிஸ் என்றுதான் பேசிக்கொண்டு போனார்கள்.

போவதற்கு முன் நோட்டைச் சுற்றி ஒரே சண்டை. "கல்லுல பட்டு எகிறிடுச்சுக்கா, ஹிட்டுதான்" என்கிறான் அந்தோணி. "கைக்குள்ள வந்த பந்து, நழுவ உட்டுட்டான். அவன் தப்பு, எரர்தான், பாபு கணக்குல ஹிட்டு ஏறாது" என்கிறான் இளங்கோ. அம்பயரோ, "ரன்னு எப்படியும் ரன்னுதாம்மா. ஹிட்டா எரரான்னு ஸ்கோரர்தான் சொல்லணும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாபு என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று நோட்டை மூடினேன்.

'ஹிட்' என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. ஆட்டம் முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்தவள், அந்த ஒரு பந்தை மட்டும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் பக்கத்தில்தானே இருந்தீர்கள்.

கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். ஹிட்டா, எரரா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் மாமா.

வசந்தா