ஒரே சுட்டெண்

இன்று காலை என் மேசைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. வேறு வேறு பெண்கள், வேறு வேறு முகவரிகள். இரண்டு சான்றிதழ்களிலும் பரீட்சைச் சுட்டெண் ஒன்றேதான். உடனே உங்களுக்குப் போன் எடுக்க நினைத்தேன், பாருங்கள். நீங்கள் கண்ணை மூடி மூன்று கிழமையாகிறது.

தொண்ணூறுகளில் நீங்கள் எங்கள் பல்கலைக்கழகத் தலைவராக வந்தபோது, ஸ்பானிய மொழி பேசும் ஒரு பெண் அந்த நாற்காலியில் இருப்பதைப் பலர் அதிசயமாகப் பார்த்தார்கள். சிலர் எரிச்சலாகவும் பார்த்தார்கள். சொந்த நாட்டிலிருந்து நீங்களும் ஓடி வந்தவர். அகதிகளைப் பற்றிப் பேசும்போது 'அவர்கள்' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அகதியாக வந்து மல்வேர்ன் பகுதியில் வீடு, பக்டரியில் வேலை, இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்து உயர்தரச் சான்றிதழ் போரில் யாழ்ப்பாணத்து வீட்டோடு எரிந்துபோயிற்று. அங்கே கடிதம் போய்ச் சேர்வதே பெரும்பாடு. முத்திரையிட்ட பிரதியை யாரிடம் கேட்பது? காகிதம் இல்லாவிட்டால் இடமில்லை என்று அனுமதிப் பிரிவில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அண்ணை என் பெறுபேற்றைக் கேட்டு எழுதி, அச்சொட்டாக ஒன்று செய்து தந்தார்.

"பயப்பிடாதை தங்கச்சி. நீ எடுத்த மாக்ஸைத்தானே அடிக்கிறன். இதிலை என்ன பிழை?" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதைக் கொடுத்து உள்ளே வந்தேன், மாடாய்ப் படித்தேன், வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதனால்தானே நீங்கள் என்னைப் பிடித்தீர்கள்! காகிதம் இல்லாதவர்களுக்கு நாமே பரீட்சை வைத்துச் சேர்ப்போம் என்ற உங்கள் திட்டம் பல்கலைக்கழகத்தின் செனற் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. "காகிதம் தொலைந்தால் படித்த படிப்புமா தொலைந்துவிடும்?" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு திரிந்தீர்கள். அந்தச் சபையில் என்னை எழுந்து பேசச் சொன்னீர்கள். சான்றிதழோடு வந்த அதிர்ஷ்டசாலி இவள், இவளைப் போல எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று காட்டுவதற்கு.

வாக்கெடுப்பு இரண்டு மணிக்கு. அன்று காலை நான் வந்த பஸ்ஸில், பக்டரியில் என்னோடு வேலை செய்யும் சுகிர்தா ஏறினாள். அவளும் விண்ணப்பிக்கப் போகிறாளாம். பையிலிருந்து தன் உயர்தரச் சான்றிதழை எடுத்து, "உது சரியோ எண்டு ஒருக்காப் பாரடி" என்றாள்.

பார்த்தேன். "எடியே, உது என்ரை நம்பரெல்லோ!"

"என்னடி சொல்லுறாய்?"

"டோர்செட் பார்க் அந்தாள் எல்லாருக்கும் ஒரே நம்பரை அடிச்சுக் குடுத்திருக்குது. கோதாரி விழுவான்!"

எத்தனை பேர் அந்த இலக்கத்தோடு ஏற்கனவே விண்ணப்பித்தார்களோ! இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். உங்கள் திட்டத்துக்குச் சாட்சி சொன்னவளே கள்ளச் சான்றிதழ்க்காரி என்று தெரிந்தால் அந்தக் கதவு பிறகு திறக்கவே திறக்காது. "வாயைப் பொத்திக்கொண்டு இரடி, பிள்ளையளை யோசி" என்று சுகிர்தா கெஞ்சினாள்.

ஒன்றரைக்கு உங்கள் அறைக்குள் வந்து கொட்டித் தீர்த்தேன். நீங்கள் எழுந்து கதவைச் சாத்தினீர்கள். அப்படி ஒரு கோபத்தை உங்கள் முகத்தில் அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை. பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டீர்கள்.

"இதில் இருக்கிற பெறுபேறு உண்மையா?"

பதற்றத்தில் ஆங்கிலத்து 'யெஸ்' மறந்துபோய், தமிழில் "ஓம்" என்றேன்.

உங்களுக்கு விளங்கியது. "அப்படியானால் உள்ளே வந்து இதையே சொல்" என்றீர்கள்.

சொன்னேன். சான்றிதழைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அண்ணையின் பெயரையும் சுகிர்தாவின் பெயரையும் மட்டும் சொல்லவில்லை. திட்டத்தை எதிர்த்த ஒரு பேராசிரியர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா? நான் சொன்னது இதைத்தானே!"

"நீங்கள் சொன்னது சரிதான்" என்றீர்கள். "கள்ளச் சான்றிதழ் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. பரீட்சை இருந்திருந்தால் இவளுக்கு அது தேவைப்பட்டிருக்காது. இப்போது வாக்கெடுப்போம்."

கைகளை எண்ணினார்கள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார்கள். திட்டத்துக்கு ஆதரவாக இரண்டு கைகள் கூடுதலாக இருந்தன. நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன்.

அடுத்த கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் அனுமதி ரத்து. வேண்டுமானால் புதுப் பரீட்சையை எழுதி மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். கீழே உங்கள் கையெழுத்து. மன்னிப்பீர்கள் என்று மடைச்சி நான் நம்பியிருந்தேன்! உங்களைத் தமிழில் திட்டித் தீர்த்தேன். நல்லவேளை உங்களுக்கு விளங்கியிராது.

"இவ நல்லவவோ, பொல்லாதவவோ?" என்று சுகிர்தா கேட்டாள். இரண்டுந்தான் என்றேன்.

புதுப் பரீட்சை முதல் தடவை நடந்த மண்டபத்தில் நானும் சுகிர்தாவும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். நீங்கள் மேசை மேசையாக வந்தீர்கள். எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசினீர்கள், என்னிடம் மட்டும் பேசவில்லை. உருண்டு விழப்போன என் அழிறப்பரை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதுவரை இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அந்த ரத்துக் கடிதம் இன்னும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது, பட்டச் சான்றிதழுக்கு மேலே.

இப்போது அனுமதிப் பிரிவில் கையெழுத்துப் போடுகிறவள் நான். நீங்கள் வைத்த பரீட்சை இன்னும் நடக்கிறது, ஆனால் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. காலையில் வந்த இரண்டு விண்ணப்பங்களையும் நிராகரித்து எழுதினேன். எழுதியது கை, வலித்தது வேறெங்கோ. கடிதங்களை அனுப்புமுன், அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்வதற்கு முதல் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். அவளுடைய சுட்டெண் இன்னொருத்தியிடமும் இருப்பதைச் சொன்னேன்.

"இதில் இருக்கிற பெறுபேறு உண்மையா?" என்று கேட்டேன்.

அவள் தன் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னாள். அந்த மொழி எனக்குத் தெரியாது.

எனக்கு விளங்கியது.