டர்பன்டைன் சருகு

மேற்பிரிவு, லுணுகலை
23.02.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுபாஜினி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உங்கள் தங்கச்சி விதுஷாவின் பிள்ளைக்கு இரண்டாவது ஊசி போட்டாயிற்று. கத்தாரில் இப்போது இரவில் குளிர் என்றீர்கள். போர்த்திக்கொண்டு படுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் குரலை உயர்த்தினால் "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். தாளை அப்படி வைக்க முடியாது. உங்கள் அறையில் இருக்கும் மபாஸ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

முதலாம் தேதி காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொடுக்கும் நேரம், பீல்ட் ஒபிசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோட்டம் நமக்குப் பராமரிக்கக் கொடுத்த தேயிலைத் துண்டை மார்ச் பதினைந்தாம் தேதி திரும்ப எடுத்து வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். இடைவெளியில் நட்ட இளங்கன்று இரண்டு தடவையும் பாதிக்கு மேல் பட்டுப்போனதுதான் காரணம். நான் என்னய்யா குறை வைத்தேன் என்று கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரரே போன்ல சொன்னாரும்மா, பொஞ்சாதி தண்ணி ஊத்துறதில்ல, அவ கைக்கு ராசியும் இல்லன்னு. துண்டு அவரு பேருல. நான் என்ன செய்யட்டும்?" என்றார். தனியாகக் கூப்பிட்டாரே தவிர மெதுவாகப் பேசவில்லை. பின்னால் ஒருத்தி, "அப்ப நாளைக்கு சுபா காலால கொழுந்து எடுக்கட்டும்" என்றாள். பெரட்டே சிரித்தது.

கார்த்திகையும் மார்கழியும் இங்கே மழை விடவே இல்லை. நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, இரண்டு நாள் ஸ்கூலில் படுத்தோம். அது உங்களுக்கும் தெரியும். அந்த மழையில் நான் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று எந்த வாயால் சொன்னீர்கள்?

புறப்படும் முன் நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை ஞாபகப்படுத்துகிறேன். மேல் எல்லையில் தைல வாடையோடு நிற்கும் டர்பன்டைன் மரத்துச் சருகை அள்ளிக் கன்று அடியில் போடு, ஈரம் நிற்கும், புல் வராது என்றீர்கள். போட்டேன். வாரம் மூன்று சாக்கு. கொழுந்து நிறுத்து முடித்து, அட்டை கடிக்கக் கடிக்க, அந்த ஏற்றத்தில் ஏறி அள்ளினேன். புல் வரவில்லை, நீங்கள் சொன்னது சரி. கன்றும் வரவில்லை. புல்லை எழும்பவிடாத ஒன்று கன்றை மட்டும் எப்படி விடும் என்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கறிக்கென்று ஓரத்தில் போட்ட போஞ்சியும் முளைக்கவில்லை. பெரட்டில் பட்ட அவமானத்தோடு மறுநாளே லுணுகலைக்குப் போய், விதைக்கடை ஜாபிர் நானாவிடம் சண்டை பிடித்தேன். சொத்தை விதையை விற்றீர்களே என்றேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி, எண்ட வெதைய கொற சொல்ல முந்தி ஒங்கட மண்ணையும் மேல நிக்கிற மரத்தையும் பாருங்க" என்று அதே பைக்கற்றிலிருந்து நாற்பது விதையை எண்ணி என் கையில் வைத்தார். "ஊட்ல போட்டுப் பாருங்க. மொளைக்கல்லன்னா கடைய நீங்களே எடுத்துக்கங்க."

போட்டுப் பார்த்தேன். இரண்டு ஐஸ்கிரீம் டப்பா. இரண்டிலும் ஓடைக்கரை மண், இருபது இருபது விதை. ஒன்றுக்கு வெறும் தண்ணீர். மற்றதற்கு டர்பன்டைன் சருகு இரண்டு நாள் ஊறிய தண்ணீர். ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம், ஒரே கை. பத்தாம் நாள் வெறும் தண்ணீர் டப்பாவில் பதினெட்டு. சருகுத் தண்ணீரில் நான்கு, அதுவும் நூல் மாதிரி. பிடுங்கிப் பார்த்தேன், வேர் நுனி கறுத்திருந்தது.

பிறகு மலைக்குப் போய்க் கன்றுகளை எண்ணினேன். நட்டது நூற்று நாற்பது. சருகு போட்ட நூற்று இரண்டில் உயிரோடு இருப்பது ஒன்பது. கீழ் நிரைகளில் முப்பத்தெட்டு. அவ்வளவு தூரம் சாக்கு சுமக்க முடியாமல் அங்கே ஒரு பிடி சருகும் போடவில்லை. அதில் முப்பத்து நான்கு நிற்கிறது. நான் கவனிக்காமல் விட்ட இடம்தான் மச்சான் பிழைத்திருக்கிறது. மேல் நிரை மரத்துக்குக் கிட்ட இருக்கிறது, மர வேரும் தண்ணீரை இழுக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஜன்னலில் இருக்கும் டப்பாவுக்கு எந்த வேர் வந்தது?

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஒபிசரிடமும் போனேன். எட்டிப் பார்த்தார். "அவரு பேசட்டும்மா" என்றார். அதனால் நீங்கள்தான் பேச வேண்டும். பதினைந்தாம் தேதிக்கு முன்னால். யார் சொல்லிச் சருகு போட்டேன் என்பதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சருகை எல்லாம் நான் வாரிவிட்டேன். மேல் இரண்டு நிரையை விட்டுவிட்டு மற்றதில் இன்னொரு தடவை நட விடச் சொல்லுங்கள். அவரிடம் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களும் கேட்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. விதுஷாவின் பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று, "சுபா கை வேணாம், நீ அடுப்படிய பாரு புள்ள" என்றார் அத்தை. போய்ப் பாயாசம் கிண்டினேன். நீங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். கல்யாணமாகி ஏழு வருடமாக நான் வாய் திறக்கவில்லை.

போன வருடம் பதுளை ஆஸ்பத்திரியில் நம் இருவருக்கும் பரிசோதனைக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்கள். என்னுடையதை அந்த வாரமே செய்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் அத்தையிடம் சொல்லவில்லை. உங்கள் சீட்டு நீலச் சட்டைப் பையில் மடித்தபடியே இருந்தது. தோய்க்கும் முன் எடுத்து வைத்தேன். அதை இதோடு வைத்திருக்கிறேன். அங்கேயும் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மபாஸ் சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது பெல்ட் போடாமல் ஏறாதீர்கள். உங்களுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கோயிலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெறும் தண்ணீர் டப்பாவில் வந்த போஞ்சியைப் பிடுங்கி, வாசலில் நிரையாக நட்டிருக்கிறேன். பதினெட்டும் பிடித்துவிட்டது. இன்று காலை அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யார் நட்டது என்று கேட்கவில்லை. நீங்கள் போனில் அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுபாஜினி