மேகத்தை விட்டு இறங்காத கேமரா

என் கணவரும் ஆகாய சூரருமான டைரக்டருக்கு,

உங்கள் போர் விமானப் படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். குண்டைப் போட்ட கையோடு உங்கள் விமானி ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறான். தியேட்டரே உருகிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள். அடடா, என்ன மனசு அவனுக்கு! அந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உங்கள் கேமரா மேகத்தை விட்டு இறங்கினால்தானே?

நான் சொன்னதை மட்டும் வெட்டிவிட்டீர்கள். விமானச் சத்தம் கேட்டதும், நாலு வயதுப் பிள்ளையான என்மேல் அம்மா அண்டாவைக் கவிழ்த்து மூடினாளே, அதை. "அண்டாவா? ஜனங்க சிரிச்சிடுவாங்கம்மா" என்றீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் விமானி சூரியன் மறைவதைப் பார்த்துக் கவிதை சொல்கிறான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்து தொலைத்தது.

வெற்றி விழா மேடையில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறீர்கள். அந்த விமானியையே நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் நன்றாக அழுவான்.

இனி அண்டாவைச் சொல்லி யாராவது சிரித்தால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அண்டா. அதற்குள் ஒருத்தர்தான் அடங்க முடியும்.

இப்படிக்கு,
உள்ளே இருந்தவள்