இதைத் துடைக்கலாம்

சார்,

தகர டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது. ஃபிலிமோடு பிழைத்தவனுக்கு அந்த வாடை தெரியும். அது வந்துவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் மகள் செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து இதைக் கொடுத்துவிட்டுப் போனாள். காரியத்துக்கு நான் வரவில்லை. மாலை போட்ட உங்கள் போட்டோவுக்கு முன்னால் என்ன முகத்தோடு நிற்பது? அவள் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பெரம்பலூர் தியேட்டரில் நான் ஆபரேட்டர். நீங்கள் அங்கே பள்ளியில் டிராயிங் மாஸ்டர், தினமும் அரியலூரிலிருந்து வந்து போவீர்கள். எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. மெஷினைக் கழற்றி மாட்டி நானே கற்றுக்கொண்டேன். கீறல் விழாமல் படம் ஓட்டுவதுதான் என் மானம். தேய்ந்த பிரிண்ட் ஓடினால் திரை முழுக்கக் கீறல் கோடு கோடாக விழும், தரை டிக்கெட்டிலிருந்து "மழை பெய்யுதுடா" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் என் காதில் விழக் கூடாது என்றே வேலை பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் வந்து, வெட்டிப் போட்ட ஃபிலிம் துண்டுகளைக் கேட்டீர்கள்.

துண்டுகளை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து, அதிலிருந்த உருவங்களைக் கழுவிவிட்டீர்கள். வெறுமையான நாடாவில் ஊசியால் கோடு கிழித்துக்கொண்டு வந்தீர்கள். காமிரா கிடையாது, நடிகன் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு காலையில் அதை ஓட்டினேன். வெள்ளைத் திரையில் கறுப்புக் கோடுகள் ஒரு நிமிடம் துள்ளின. அவ்வளவுதான்.

"என்ன சார், வேலை மெனக்கெட்டு மழையப் பாக்குறதுக்கா வந்தீங்க?"

"அந்த மழையத்தான், ஆபரேட்டரே, காட்டுறேன்."

கதை எங்கே என்று கேட்டேன். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்கிறோமே, வெளியே ஓடுவதற்கெல்லாம் கதையா கேட்கிறோம் என்றீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அடுத்த முறை அரியலூர் போனபோது வீம்புக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசி புளிய மரங்களில் வெளுத்துக் கிடந்தது. இரண்டு மரத்துக்கு நடுவில் வெயில் வந்து வந்து முகத்தில் அடித்தது. கண்ணை மூடினாலும் சிவப்பும் கறுப்புமாக மாறிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து அதே துண்டை நானே எடுத்து ஓட்டினேன். கோடுகளில் இருந்த நடுக்கம் உங்கள் கையின் நடுக்கம் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஊசியோடு குனிந்து உட்கார்ந்திருந்த ஓர் ஆள் திரையில் தெரிந்தார். உங்களிடம் இதைச் சொன்னேனா? இல்லை. "இன்னொரு தடவ ஓட்டட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டேன். சிரித்தீர்கள்.

அடுத்ததற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டீர்கள். சின்ன வெங்காயத்தின் சருகை நறுக்கி நாடாவில் கட்டம் கட்டமாக ஒட்டி, இடையில் மஞ்சளும் நீலமும் சிவப்பும் தீட்டிய சுருள். ஒரு சாயங்காலம் என் மெஷின் கேபினில் வைத்துவிட்டு, "காலைல ஓட்டிப் பாப்போம்" என்று சொல்லி பஸ்ஸைப் பிடிக்கப் போனீர்கள். என் மெஷினில் ஏறும் எதையும் நான் துடைக்காமல் ஏற்றியதில்லை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, நாடாவை விரலுக்கிடையில் பிடித்து, ரீவைண்டரைச் சுற்றினேன்.

காலையில் சுருளை பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தீர்கள்.

"துடைச்சிட்டீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு சார். நீங்கதான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சரிங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு கேபின் படி ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பீர்கள், பிள்ளைகளை விசாரிப்பீர்கள். படத்தைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது.

எனக்கும் உங்கள் மேல் கோபம் உண்டு. இன்றைக்கும் இருக்கிறது. சருகு ஒட்டிய நாடா மெஷினில் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டில் பொசுங்கிப்போகும். எந்த ஆபரேட்டரும் துடைத்துத்தான் இருப்பான். நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அந்த "சரிங்க" என்னை இத்தனை வருடம் குற்றவாளியாகவே நிறுத்தி வைத்தது.

ஆனால் தெரியாமல் துடைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேனே, அது பொய். நாலைந்து சுற்றிலேயே துணி மஞ்சளானது. சருகுகள் தரையில் உதிர்ந்தன. இது அழுக்கில்லை என்று அப்போதே தெரியும். கையை நிறுத்தியிருந்தால் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். நிறுத்தவில்லை. என் மெஷினுக்குள் எது போகலாம் என்று டிராயிங் மாஸ்டர் முடிவு செய்வதா என்ற வீம்பு. கடைசி அடி வரை அழுத்தித் துடைத்தேன்.

இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்க நீங்கள் இல்லை.

உங்கள் மகள் வாசலிலேயே நின்று பேசினாள். "ஆபரேட்டர் மாமா வந்து கேட்டா குடுன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க கேக்கவே இல்ல. அதான் நானே எடுத்தாந்தேன்." வெகு நாளைக்கு முன்னால் செய்து வைத்ததாம். நீங்கள் படி ஏறி வருவீர்கள் என்று நான் இருந்தேன். நான் கேட்பேன் என்று நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

இதில் சாயம் இல்லை, சருகு இல்லை. முழுக்க ஊசிக் கீறல், துணி பட்டாலும் போகாத ஆழத்தில். முதல் ஓரடியில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கீறியிருக்கிறீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன்: ஆபரேட்டரே, இதைத் துடைக்கலாம்.

ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை சார். தியேட்டரை மூடியபோது அதையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். மெஷின் இருந்திருந்தாலும் ஓடாது; நாடா சுருங்கிப் போயிருக்கிறது, பல்சக்கரத்தில் உட்காராது. கையால் இழுத்துப் பார்க்கிறேன். கோடுகள் நகர்கின்றன, துள்ளவில்லை. துள்ளினால் எப்படி இருக்கும் என்று ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நாடாவில் தூசி படிந்திருந்தது. பழக்கத்தில் துணியை எடுத்துவிட்டேன். அதற்குள் கை நின்றுவிட்டது. துடைக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தும் தூசியோடே சுற்றி, மூடி வைத்துவிட்டேன்.