மயக்கம் தெளியும்போது

அக்காவுக்கு,

வியாழக்கிழமை எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். சின்ன விஷயம்தானாம், டாக்டர்கள் எதைத்தான் பெரிது என்றார்கள்? மயக்கம் தெளியும்போது எனக்குத் தமிழ் மட்டும்தான் வாயில் வரும் என்று ஒரு பயம். அதனால், துணைக்கு வரப்போகும், தமிழே தெரியாத பக்கத்து அறைக்காரிக்கு “வலிக்குதா?”, “தண்ணி வேணுமா?” இரண்டையும் சொல்லிக்கொடுத்தேன். குழாய், கதவு, பூனை என்று கண்ணில் பட்டதையெல்லாம் “வலிக்குதா?” என்று விசாரிக்கிறாள்.

நேற்று மாலை ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம். அறையே மிதப்பதுபோல் இருந்தது. அரைத்தூக்கத்தில் யாரோ நெற்றியில் கைவைத்து, “வலிக்குதா?” என்றார்கள்.

“ரொம்ப வலிக்குதுக்கா. பயமாவும் இருக்கு.”

கண்ணைத் திறந்தால், அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறாள். கேள்வியை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பதில் அவளுக்கு எப்படிப் புரியும்?

போனில் உன்னை வரவேண்டாம் என்றது பேச்சுக்குத்தான். லீவு கிடைக்குமா?

உன் கடைக்குட்டி